மறு: 'ஃபெமாஜ்' தமிழில் எப்படி?

> காகிதம், துணித் துண்டுகளை ஒட்டிச் செய்யும் 'கொலாஜ்' ஏற்கெனவே ஒட்டோவியம். ஆகவே இது பெண்ணொட்டோவியம். எளிதாக முடிந்தது.

வணக்கம் ஐயா,

எளிதுதான், எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்க ஓவியர்கள் மிரியம் ஷப்பீரோவும் மெலிசா மேயரும் 1970களின் பிற்பகுதியில், பெண்கள் தைத்தும் வெட்டியும் ஒட்டியும் செய்யும் கலைக்கு 'ஃபெமாஜ்' என்ற இந்தச் சொல்லை உருவாக்கியதே 'கொலாஜ்' என்ற பெயரோடு மல்லுக்கட்டத்தான். 1912இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் ஒட்டினால் நவீனக் கலை. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பெண்கள் துண்டுத்துணி சேர்த்துத் தைத்த க்வில்ட் வெறும் கைவேலையா? இதுதான் அவர்கள் வழக்கு. பெண்ணொட்டோவியம் என்றால் ஒட்டோவியத்தில் மகளிர் பிரிவு என்ற தொனி வந்துவிடுகிறது. அப்புறம், ஒட்டுவது மட்டுமல்ல, தைப்பதும் வெட்டுவதும் அவர்கள் கணக்கில் உண்டு.

ஷப்பீரோவின் கான்வாஸைப் பாருங்கள். 1960களில் கூர்விளிம்பு அரூப ஓவியம், அதாவது உருவம் எதையும் காட்டாத, விளிம்பு கூர்மையான வண்ண வடிவங்கள்; கணினியை வைத்துக்கூட வடிவங்களைத் திருப்பிப் பார்த்தவர். 1972இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஓவியர் ஜூடி சிகாகோவோடு சேர்ந்து, ஒரு பழைய வீட்டையே பெண்களின் கலைக்காட்சியாக்கிய 'வுமன்ஹவுஸ்' நடத்தினார். அதன்பின் கைக்குட்டை, ஏப்ரன், லேஸ், பூப்போட்ட துணி எல்லாம் அக்ரிலிக்கோடு கான்வாஸில் ஏறின. 1976இல் செய்த 'கிமோனோவின் உடற்கூறு' 10 பலகைகள், 50 அடிக்கு மேல் நீளம். வீட்டுச் சாமான் என்று ஒதுக்கியதை நியூயார்க் அரூப ஓவியர்களின் பிரம்மாண்ட அளவிலேயே விரித்துக் காட்டினார். அரூபத்தைக் கைவிட்டார் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிமோனோ திரும்பத் திரும்ப வரும்போது அது உடையாகவா தெரிகிறது? கண் நிறத்தின் பின்னால்தானே ஓடுகிறது.

என் முன்மொழிவு: தையலொட்டு. தையல் என்றால் தைப்பது; பழந்தமிழில் பெண்ணும் அதுவே. மூலச்சொல்லில் இல்லாத ஊசியும் நூலும் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன.

———

> தையலொட்டு

ஓசை நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால் தையல் பெண் என்று இன்று யாருக்குத் தெரியும்? தையற்கடைதான் நினைவுக்கு வரும். தெரிந்தவர்களுக்கோ, 'தையல்சொல் கேளேல்' என்ற ஆத்திசூடி வரிதான் முதலில் வரும். பெண்ணைத் தாழ்த்தும் வாடை அடிக்கும் சொல்லை இங்கே கொண்டுவர வேண்டுமா?

———

ஐயா,

ஆத்திசூடி நினைவுக்கு வருகிறதென்றால் பொருள் இன்னும் செத்துவிடவில்லை என்றுதானே அர்த்தம்!

அந்த வாடை இருக்கட்டும் என்பேன். அன்றைய நியூயார்க்கில் ஒரு ஓவியத்தை 'அலங்காரம்' என்று சொன்னால் அது வசவு. ஷப்பீரோவும் ஜாய்ஸ் கோஸ்லாஃபும் ராபர்ட் குஷ்னரும் இருந்த 'பேட்டர்ன் அண்ட் டெக்கரேஷன்' என்ற ஓவிய இயக்கம் அந்த வசவையே பெயரில் சேர்த்துக்கொண்டது. ஆகவே டெக்கரேஷனுக்கும் 'அணி' என்று கௌரவமாகப் போட வேண்டாம், 'அலங்காரம்' என்றே இருக்கட்டும். அணியை யாரும் 'வெறும் அணி' என்று இளக்காரமாகச் சொல்வதில்லை.

தையற்கடை வந்தால் வரட்டும், பாதகமில்லை. 'பேட்டர்ன்' மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கோலம் என்றால் வாசல் வந்துவிடுகிறது, வடிவம் போதவில்லை. 'தொடர்கோலம்' சரிவருமா என்று பாருங்கள்.