850 ரூபாய் மிச்சம் பிடித்துக் காரைப் பறிகொடுத்த கதை (டோட்டல் லாஸ் ஆனவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

2023 ஜனவரி. பொங்கல் முடிந்து திருச்சியில் இருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டி மீடியன் இடைவெளியில் யாரோ டிராக்டரைத் திருப்ப, முன்னால் போன லாரி சடாரென்று பிரேக் அடித்தது. நானும் அடித்தேன், இடம் போதவில்லை. வேகம் அறுபதுக்குள்தான் இருக்கும். ஆனால் லாரியின் பின்பக்க இரும்புச் சட்டம் நேராக பானெட்டுக்குள் புகுந்துவிட்டது. இரண்டு ஏர்பேக்கும் வெடித்து, வண்டிக்குள் வெள்ளைப் பொடி, தீபாவளி மறுநாள் தெருவில் அடிக்குமே அந்த வாசனை. மனைவிக்கு சீட் பெல்ட் அழுத்திய தோள் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது, எனக்கு மூக்கில் சிராய்ப்பு. அவ்வளவோடு போனது.

வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒன்றுமே ஆகாத மாதிரி இருந்தது. நான்கு கதவும் ஒழுங்காகத் திறந்து மூடின, டிக்கியில் கீறல்கூட இல்லை. விழுப்புரம் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப்போன ரெக்கவரி வண்டிக்காரர், "இதெல்லாம் ரெண்டு வாரத்துல ரெடி பண்ணிருவாங்க சார்" என்றார். (அவர் வாங்கியது 4,000 ரூபாய், பாலிசியில் அந்தச் செலவுக்கு வரம்பு 1,500தான்.) நானும் நம்பிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். இருபத்திரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து டோட்டல் லாஸ் என்று போன் வந்தது. அதாவது ரிப்பேர் கிடையாது, வண்டி முழுதாகப் போனதாகக் கணக்கு வைத்துப் பணம் கொடுத்து முடித்துவிடுவார்கள்.

கோபம்தான் வந்தது முதலில். இன்ஜின் நன்றாக இருக்கிறது, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, எப்படி "டோட்டல்"? அப்புறம் சேதத்தைக் கணக்கிட வந்த சர்வேயரிடமே கேட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். "சார், வண்டி எவ்வளவு நசுங்கியிருக்குன்னு நாங்க பாக்கறதில்ல. ரிப்பேர் செலவு, உங்க ஐடிவி, இந்த ரெண்டு நம்பரும்தான்." ஐடிவி என்பது வண்டி முழுதாகப் போனால் இவ்வளவு தருவோம் என்று பாலிசியில் எழுதியிருக்கும் வண்டியின் மதிப்பு. ரிப்பேருக்கும் மீட்டு இழுத்துவரவும் ஆகும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் பாலிசிப்படி அது டோட்டல் லாஸ். தாண்டவில்லை என்றால் ரிப்பேர்.

இதில் முதல் நம்பர் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். ஒர்க்‌ஷாப் வெளியில் இருந்து பார்த்துப் போட்ட எஸ்டிமேட் 1,90,000. பானெட், பம்பர், ஹெட்லைட் இரண்டு, ரேடியேட்டர், ஏசி கண்டன்சர், இப்படி. பிறகு பிரித்துப் பார்க்க என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிரித்ததும் இரண்டு பக்க ஏப்ரனும் (பானெட்டுக்குள் இருக்கும் பக்கத் தகடு) போய்விட்டது, வலது லாங் மெம்பர் (வண்டியைத் தாங்கும் நீளச் சட்டம்) வளைந்திருக்கிறது என்றார்கள். அதைவிடப் பெரிய அடி ஏர்பேக். வெடித்த பேக் இரண்டை மட்டும் மாற்றினால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அதன் கன்ட்ரோல் மாட்யூல், முன் சீட் பெல்ட் இரண்டு, எல்லாம் கூடவே வருகிறது. பயணி பக்க ஏர்பேக் டேஷ்போர்டைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும், அதனால் டேஷ்போர்டும் புதுசு. இப்படி ஏறி ஏறி ஒர்க்‌ஷாப் 3,24,000 கேட்டது. அவர்கள் கேட்பதை சர்வேயர் அப்படியே எழுதமாட்டார், பார்ட்ஸ் விலையையும் கூலியையும் ஒவ்வொரு வரியாகக் குறைத்து 3,05,000 என்று முடித்தார். எனக்கு ஜீரோ டெப் என்ற கூடுதல் கவர் இருந்ததால், பழைய பாகம் என்று தொகையைக் குறைக்கும் தேய்மானக் கழிவு இல்லை.

சரி, இரண்டாவது நம்பர். அங்கேதான் என் புத்திசாலித்தனம் இருக்கிறது. முந்தைய ஏப்ரலில் பாலிசியை ஆன்லைனில் புதுப்பித்தபோது ஐடிவிக்கு ஒரு ஸ்லைடர் காட்டியது. வண்டி 2019 மாடல், மூன்று வயது. ஷோரூம் விலை 6,40,000இல் அந்த வயதுக்கான தேய்மானம் 30 சதவீதம் கழித்தால் 4,48,000. ஸ்லைடரை இடது ஓரத்துக்குத் தள்ளினால் 3,80,000. தள்ளியதும் பிரீமியம் 850 ரூபாய் குறைந்தது. "நமக்கென்ன ஆக்சிடென்டா ஆகப்போகிறது" என்று அங்கேயே விட்டுவிட்டுப் பணத்தைக் கட்டினேன்.

3,80,000இல் 75 சதவீதம் 2,85,000. என் ரிப்பேர் 3,05,000, தாண்டிவிட்டது. ஸ்லைடரைத் தொடாமல் 4,48,000லேயே விட்டிருந்தால் வரம்பு 3,36,000, வண்டி ரிப்பேராகி வீட்டுக்கு வந்திருக்கும். ஏர்பேக்கோ லாரியோ இல்லை, என் காரை ஸ்கிராப்புக்கு அனுப்பியது ஏப்ரல் மாதம் நான் தள்ளிய அந்த ஸ்லைடர்தான்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. உடைந்த வண்டிக்கும் விலை உண்டு. கம்பெனி அதை சால்வேஜ் வாங்குபவர்களுக்கு ஆன்லைனில் ஏலம் காட்டும். என் வண்டிக்கு வந்தது 1,45,000. ஆக எனக்கு 3,80,000 கொடுத்தாலும் அவர்களுக்குக் கையைவிட்டுப் போவது 2,35,000தான், ரிப்பேர் செய்தால் 3,05,000. இதை யாரும் நம்மிடம் போட்டுக் காட்டமாட்டார்கள், பேப்பர் எடுத்து நாமேதான் போட்டுப் பார்க்கவேண்டும். குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை, பாலிசியில் எழுதியிருப்பதைத்தான் செய்தார்கள்.

எனக்கு இரண்டு வழி சொன்னார்கள். வண்டியையும் ஆர்சியையும் ஒப்படைத்துவிட்டு, கட்டாயக் கழிவு 1,000 போக 3,79,000 வாங்கிக்கொள்வது. அல்லது சால்வேஜ் விலையைக் கழித்து 2,34,000 வாங்கிக்கொண்டு உடைந்த வண்டியை நானே வைத்துக்கொள்வது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து வெளியே டிங்கரிங் பார்த்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். லாங் மெம்பர் வளைந்த வண்டியில் குழந்தையை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை, ஒப்படைத்துவிட்டேன். லோன் பாக்கி 1,62,000 பேங்குக்குப் போக மீதிதான் என் கணக்குக்கு வந்தது. மூன்று வருடமாகச் சேர்த்த 35 சதவீத நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) போனது. ஓடாத மாதங்களுக்கான பிரீமியம் திரும்பி வராது, டோட்டல் லாஸ் கொடுத்ததும் அந்த பாலிசி முடிந்தது.

உங்களுக்கு எப்படி ஆனது? எழுதுங்கள்.

*

கோவை டீசல்:

எனக்கு நேர் எதிர், சகோ. டோட்டல் லாஸ் கொடு என்று நான் கெஞ்சினேன், அவர்கள் கொடுக்கவில்லை.

ஏழு வயது டீசல் வண்டி, அவிநாசி ரோட்டில் ஒரு வேன் பக்கவாட்டில் அடித்து பிளாட்பாரத்தில் ஏற்றிவிட்டது. ஐடிவி 3,40,000. எஸ்டிமேட் 3,90,000. ஐடிவியையே தாண்டிவிட்டதே, இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கம்பெனி ரிப்பேர்தான் என்றது.

விஷயம் என்னவென்றால் எனக்கு ஜீரோ டெப் இல்லை. அவர்கள் 75 சதவீதத்தோடு ஒப்பிட்டது ஒர்க்‌ஷாப் பில்லை இல்லை, தேய்மானம் கழித்து அவர்கள் தரவேண்டிய தொகையை. ஐந்திலிருந்து பத்து வயது வண்டிக்கு இரும்புப் பாகத்தில் 40 சதவீதம் கழிவு. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் வயது பார்க்காமல் பாதி. கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. இப்படிக் கழித்ததில் 3,90,000 என்பது 2,41,500 ஆகிவிட்டது. வரம்பு 2,55,000. தாண்டவில்லை, ரிப்பேர் பண்ணிக்கோ என்றால் ஒன்றரை லட்சம் என் கையில் இருந்து போகும், அதுவும் மூன்றரை லட்சம் ரூபாய் வண்டிக்கு!

பாலிசி வாசகத்தை எடுத்துப் படித்தேன். "பாலிசியின் விதிமுறைகளுக்கு உட்பட்டு" என்று நடுவில் ஒரு துண்டு இருக்கிறது. தேய்மானம் கழித்த பிறகுதான் ஒப்பிடவேண்டும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன அர்த்தம். ரிப்பேருக்கு ஆகும் மொத்தச் செலவு என்றுதானே எழுதியிருக்கிறது என்பது நான் சொன்னது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். ஒரு மாதம் பதிலே இல்லை. பிறகு சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மனுக்கு (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) மனு போட்டேன், அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விசாரணை தேதி வரும் முன்னாடியே கம்பெனியில் இருந்து கூப்பிட்டு, சால்வேஜ் கழித்து மீதியைத் தருகிறோம், வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒப்புக்கொண்டேன். அந்த ஆறு மாதமும் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றதற்கு பார்க்கிங் வாடகை கேட்டார்கள் பாருங்கள், அது தனிக் கதை.

சர்வே ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் போனில் சண்டை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

*

பள்ளிக்கரணை வாசி:

என் வண்டியில் ஒரு நசுங்கல்கூட இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம். வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த இடத்திலேயே மூழ்கியது. தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது.

கதவைத் திறந்தால் சீட்டில் சேறு, டேஷ்போர்டின் மேல் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு தண்ணீர்க் கறை. சர்வேயர் முதலில் பார்த்ததே அந்தக் கோட்டைத்தான். தரை விரிப்பு வரை என்றால் ஒரு கணக்கு, சீட் வரை என்றால் ஒரு கணக்கு, டேஷ்போர்டைத் தாண்டினால் பெரும்பாலும் டோட்டல்தான், ஏனென்றால் ஒயரிங் மொத்தமும் இசியுவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றவேண்டும், மாற்றினாலும் எப்போது எது வேலை செய்யும் என்று யாராலும் சொல்லமுடியாது. பத்து நிமிடத்தில் போட்டோ எடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார், எங்கள் தெருவில் மட்டும் ஏழு வண்டி.

ஒரே ஒரு காரியம் ஒழுங்காகச் செய்தேன், சாவியைத் தொடவில்லை. 2015 வெள்ளத்தில் அப்பா பதற்றத்தில் ஸ்டார்ட் செய்து பார்த்தார். தண்ணீர் இன்ஜினுக்குள் போய் கனெக்டிங் ராடு வளைந்தது. நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று இன்ஜினுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. இன்ஜின் புரொடெக்‌ஷன் என்று தனியாக எடுத்திருந்தால்தான் அது வரும்.

*

பழைய சேலத்துக்காரன்:

டோட்டல் லாஸ் பணம் வந்ததோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள் அண்ணா. வண்டியை ஒப்படைக்கும்போது ஆர்சியில் பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் எழுதாமலே கையெழுத்து வாங்கினார்கள். எட்டு மாதம் கழித்து என் போனுக்கு ஓவர் ஸ்பீடு இ-சலான். திருநெல்வேலி பக்கம். செத்துப்போன வண்டி அங்கே என்ன செய்கிறது? யாரோ ஏலத்தில் எடுத்து, சரிசெய்து, என் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார். அபராதம் பரவாயில்லை, அது யார் மேலாவது மோதியிருந்தால் போலீஸ் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டும். மூன்று மாதம் அலைந்து பெயர் மாற்றினேன்.

சால்வேஜ் ஏலத்தில் ஆர்சியோடு ஒரு விலை, ஆர்சி இல்லாமல் ஒரு விலை என்று வாங்கும் வழக்கம் இருக்கிறது. வண்டியை உடைக்கத்தான் போகிறார்கள் என்றால் ஆர்டிஓவில் ஆர்சியை ரத்து செய்யச் சொல்லி எழுதிக்கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு, பதினான்கு நாளுக்குள் தெரிவிக்கவேண்டியது உரிமையாளர்தான். ஓட்டத்தான் போகிறார்கள் என்றால் வாங்குபவர் பெயர், முகவரி, தேதி போட்ட டெலிவரி ரசீது இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

*

(முதலில் எழுதியவன்):

சேலத்து அண்ணா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்றே போய் ஆன்லைனில் பார்த்தேன், என் பெயரில் இல்லை, பெயர் மாறியிருக்கிறது. நன்றி.

உள்பெட்டியில் ஒருவர் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் பற்றிக் கேட்டிருந்தார். அது இருந்தால் ஐடிவிக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசமும் வரும், ஆனால் பெரும்பாலும் மூன்று வயது வரைதான் தருகிறார்கள். எனக்கு அந்த ஏப்ரலில் கிடைக்கவில்லை. இப்போதைய வண்டிக்கு எடுத்திருக்கிறேன். ஸ்லைடரை வலது ஓரத்தில் வைத்திருக்கிறேன், மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

கார் எங்கே போனது என்று இன்னொருவர் கேட்டார். கம்பெனி சொல்லவில்லை. ஆனால் ஒப்படைத்து நான்கு நாள் கழித்து ஆபீசில் இருக்கும்போது போனில் ஃபாஸ்டேக் மெசேஜ், விக்கிரவாண்டியில் பணம் பிடித்திருக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்திருக்கிறேன். லாரி மேல் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் போல. கொஞ்ச நேரத்தில் ஆத்தூர், அதற்கப்புறம் பரனூர். மூன்றும் ஒரே மதியத்தில். சென்னைக்குத்தான் வந்திருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஃபாஸ்டேக்கை மூடினேன், பாக்கி 212 ரூபாய் திரும்ப வந்தது.