‘அருமை’ என்பதற்கு அப்பால் ஒரு கருத்தை எப்படிக் கேட்டு வாங்குவது?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பழைய கேமரா ஒன்றை வாங்கியதிலிருந்து, வேலை இல்லாத நாள்களில் சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களையும் கடற்கரைகளையும் சுற்றி நிலக்காட்சிப் படங்கள் எடுத்து வருகிறேன். எடுத்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சித்தி கைகூப்பும் சின்னத்தை அனுப்புவார். உடன் வேலை செய்பவர்கள் ‘அருமை’ என்பார்கள். அவர்கள் அன்பில் குறையொன்றும் இல்லை. ஆனால், அடுத்த படத்தை இதைவிட நன்றாக எடுக்க என்ன செய்யவேண்டும் என்பதற்கு அந்தச் சொல்லிலிருந்து ஒரு துப்பும் கிடைப்பதில்லை.

ஆகவே சென்ற மாதம், லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் சூரியன் மறையும் வேளையில் எடுத்த ஒரு படத்தை, எனக்கு முன்பின் பழக்கமில்லாத, ஆனால் நன்றாகப் படமெடுக்கும் மூவரிடம் காட்டினேன். ஒருவர் ‘படம் காலியாக இருக்கிறது’ என்றார். இரண்டாமவர் ‘வானம் வெளுத்துவிட்டது’ என்றார். மூன்றாமவர் ‘முதலில் ஒரு டிரைபாட் வாங்குங்கள்’ என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தை நான் டிரைபாட் என்னும் முக்காலியில் கேமராவை வைத்துத்தான் எடுத்திருந்தேன். 16 மி.மீ. அகலக்கோண லென்ஸ், முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக விழவேண்டும் என்பதற்காக எஃப்/22 என்ற மிகச் சிறிய லென்ஸ் துளை, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100. உண்மையைச் சொன்னால், அதன்பின் இரண்டு வாரம் கேமராப் பையைத் திறக்கவே மனம் வரவில்லை.

படத்தை யாரிடம் காட்டுவது, காட்டும்போது என்ன கேட்பது, மூவர் மூன்று விதமாகச் சொன்னால் எதை எடுத்துக்கொள்வது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்லித்தந்தால் உதவியாக இருக்கும்.

பழைய ஃபிலிம் சுருள்:

தம்பி, அந்த மூவரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் படத்தை மட்டும் நீட்டியிருக்கிறீர்கள். அவரவருக்கு முதலில் தோன்றியதை அவரவர் சொல்லிவிட்டார்கள்.

ஃபிலிம் காலத்தில் என் நிலைமை இதைவிட மோசம். 36 படங்கள் கொண்ட சுருளை முடித்து, கழுவி, பெரிதாக அச்சிட்டுப் போட்டிக்கு அனுப்பினால் மதிப்பெண் மட்டும் திரும்பி வரும். அந்த மதிப்பெண்ணுக்கான காரணம் வராது. அப்படியே பல ஆண்டுகள் ஓடின. இப்போது நாங்கள் ஐந்து பேர் மாதத்தின் முதல் சனிக்கிழமை தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடையில் உட்காருகிறோம். ஆளுக்கு ஒரே ஒரு படம், ஏ4 அளவில் அச்சிட்டது. கைப்பேசியில் காட்டுவதற்கு அனுமதி இல்லை, ஏனென்றால் அந்தச் சிறிய திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும்.

எங்களுக்கு உள்ள விதி ஒன்றுதான். கண் முதலில் எங்கே போய் விழுந்தது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது, எந்த ஓரம் வழியாகப் படத்தை விட்டு வெளியேறியது என்று மற்ற நால்வரும் சொல்லி முடிக்கும்வரை, படமெடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. அதன்பிறகே அவர் தாம் எதைக் காட்ட நினைத்தார் என்று சொல்லலாம். அவர் நினைத்ததற்கும் நால்வர் கண்டதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அன்றைய பாடம் அவ்வளவு பெரியது.

புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடலோரச் சதுப்பில் நான் எடுத்த படம் ஒன்றைச் சொல்கிறேன். அங்கே கடல் மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் சேற்றுவெளி நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட வற்று நல்ல வெளிச்சத்தோடு சேர்ந்து அமைவது சில நாள்களில்தான். அட்டவணை பார்த்துக் காத்திருந்து, சாங்கியில் படகேறிப் போய், கரையோர நடைபாதையில் நின்று, ஈரச் சேற்றில் தனியாக நின்ற ஓர் அலையாத்தி மரத்தை எடுத்தேன். அச்சைப் பார்த்த நால்வரும் முதலில் சொன்னது மரத்தை அன்று, வலது ஓரத்தில் கிடந்த வெள்ளை நெகிழிப் புட்டியை! எனக்கு அது கண்ணிலேயே பட்டிருக்கவில்லை, ஏனென்றால் நான் மரத்தைப் பார்க்கத்தான் போயிருந்தேன். சட்டகத்தின் ஓரத்தில் எது பளிச்சென்று இருந்தாலும் அது கண்ணை வெளியே இழுத்துவிடும் என்பதைப் புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன், உறைத்தது அன்றைக்குத்தான். அடுத்த வற்றுக்குப் போனபோது புட்டி இல்லை என்றாலும், பழக்கத்தில் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டே ஷட்டரை அழுத்தினேன்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். ‘காலி’ என்றவர் வீணாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். 16 மி.மீ. லென்ஸில் எதிர்க்கரைக் காடு ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும், கீழ்ப்பாதி முழுவதையும் வெறும் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். காலுக்கு அருகே ஒரு பாறையோ கோரைப்புல்லோ இருந்தால் அந்த லென்ஸுக்கு வேலை உண்டு. இல்லையென்றால் 50 அல்லது 70 மி.மீ. வைத்துக் காட்டை அருகே கொண்டுவாருங்கள்.

உபின் படகு:

பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டிரைபாட் வாங்கச் சொன்னவரை அவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டாம். அவர் சொன்ன மருந்து தவறாக இருக்கலாம், ஆனால் படத்தில் ஒரு மங்கலைப் பார்க்காமல் அப்படி எழுதியிருக்க மாட்டார். அந்த மங்கல் எஃப்/22இலிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். துளை அவ்வளவு சிறியதாகும்போது ஒளி அதன் விளிம்பில் விலகிப் பரவுவதால், கேமரா அசையாமல் இருந்தாலும் படம் முழுவதும் கூர்மை குறைகிறது. 1932இல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலிய புகைப்படக் கலைஞர்கள் கலிஃபோர்னியாவில் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தார்கள் என்பதைப் படித்துவிட்டு, துளை சிறுக்கச் சிறுக்கத் தெளிவு கூடும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். அவர்கள் பயன்படுத்தியவை பெரிய தகட்டுக் கேமராக்கள். நம் கையில் இருக்கும் சிறிய சென்சாருக்கு எஃப்/8 முதல் எஃப்/11 வரை போதும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், இது நம் ஊருக்கே உரியது. குளிர்சாதனப் பேருந்திலிருந்து இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுத்தால், லென்ஸில் நீராவி படிந்து மெல்லிய திரை போட்டதுபோல் ஆகிவிடும். பையை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் விட்டுவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வானம் வெளுத்ததற்கு, இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதையும் காரணமாகச் சொல்லவேண்டும். மறைந்தபின் நமக்குக் கிடைக்கும் நல்ல வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்குள் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வானத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (உள்ளே விடும் ஒளியின் அளவு) வைத்து, கேமரா பதிவுசெய்த மூலமான ரா கோப்பில் நிழலைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளுங்கள்.

கருத்துக் கேட்கும்போது, நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு படத்தோடு அன்று ஒதுக்கிவைத்த மூன்று நான்கு படங்களையும் காட்டிப் பாருங்கள். என்னுடைய தவறுகளில் பாதி, எடுக்கும்போது நேர்ந்தவை அல்ல; வீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும்போது நேர்ந்தவை.

தோ பாயோ நான்காம் மாடி:

எல்லாரும் இப்படிக் கூடிப் படங்களைப் பார்த்துப் பேசும் வட்டத்தைப் புகழ்வதால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகள் இப்படியொரு வட்டத்தில் இருந்தேன். நிறையக் கற்றுக்கொண்டேன் என்பதை மறுக்க முடியாது. ஆனால், மூன்றாம் ஆண்டில் எங்கள் படங்களைக் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று எங்களுக்கே தெரியாத நிலை வந்தது. ஒளியை ஆயிரம் மடங்கு குறைக்கும் வடிகட்டியைப் போட்டுத் தண்ணீரைப் பட்டுத்துணியாக்குவது, ஒரு கோடு மூலையிலிருந்து உள்ளே ஓடுவது, அதன் முடிவில் மரினா பே. வட்டத்துக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் கை தானாகவே அதை எடுக்கத் தொடங்கிவிடுகிறது.

அப்போது பொங்கோல் கடற்கரையில் எடுத்த படம் ஒன்று வட்டத்தில் எல்லாரிடமும் பாராட்டுப் பெற்றது. வீட்டில் மாட்டிவைத்தேன். சிறு வயதில் அந்தப் பக்கம் அடிக்கடி போய்வந்த என் அம்மா அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, இந்தக் கடல்ல காத்தே இல்லையே?” என்று கேட்டார். இரண்டு நிமிடம் ஷட்டரைத் திறந்துவைத்த எக்ஸ்போஷரில் நான் அலையை மட்டும் அழிக்கவில்லை, அந்த இடத்தையே அழித்திருந்தேன்.

விடியற்காலையில் துடுப்புப் போடும் படகுகளைப் படமெடுத்துப் பெயர் பெற்றவர் நம் ஊரின் யிப் சியோங் ஃபுன். 1984இல் கலாசாரப் பதக்கமும் பெற்றவர். அவருடைய கடற்படங்களைப் பார்த்தால், தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. ஆகவே ஈசூன்வாசி, படமெடுப்பவர்களிடம் காட்டுங்கள், ஆனால் அந்த இடத்தை அறிந்த, கேமராவைத் தொட்டே இராத ஒருவரிடமும் காட்டுங்கள். உங்கள் சித்தியிடம் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்பதற்குப் பதில் ‘இதில் என்ன தெரிகிறது’ என்று கேட்டால் கைகூப்பும் சின்னத்தோடு அவரால் நிறுத்த முடியாது.

ஈசூன்வாசி:

மூவருக்கும் நன்றி. வியாழக்கிழமை மீண்டும் லோவர் பியர்ஸ் போனேன். 50 மி.மீ., எஃப்/11. பையை அரை மணி நேரம் திறக்காமல் பலகையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில், தண்ணீரிலிருந்து மேலெழுந்து நின்ற பட்ட கிளை ஒன்றை முதன்முறையாகக் கவனித்தேன். எதிர்க்கரைக் காட்டின் நிழலுக்கு முன்னால் அதை வைத்து எடுத்தேன்.

‘கண் எங்கே போகிறது’ என்று மட்டும் கேட்டு நான்கு பேரிடம் காட்டினேன். நால்வரும் கிளையைத்தான் சொன்னார்கள். கிளை இன்னும் இடப்புறம் இருந்திருக்கலாம் என்று ஒருவரும், நடுவிலேயே நன்றாக இருக்கிறது என்று இன்னொருவரும் சொன்னார்கள். நால்வரும் ஒன்றாகக் கண்டதை நம்பிக்கொள்வது, பிடித்தது பிடிக்காதது என்பதை நானே முடிவு செய்வது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். கிளை நடுவிலேயே இருக்கட்டும். சித்தியிடமும் கேட்டேன், மழை வரப்போகிறதா என்றார். உண்மையில், நான் கேமராவை மடக்கிய பத்தாவது நிமிடம் மழை கொட்டியது.

ஐயா, முதல் சனிக்கிழமை ஆறாவது ஆளுக்கு இடமிருந்தால் அச்சிட்டு எடுத்துவருகிறேன். பளபளப்புத் தாளா, மேட் தாளா?

பழைய ஃபிலிம் சுருள்:

மேட். காப்பிக்கடைக் குழல்விளக்கு பளபளப்புத் தாளில் விழுந்தால் உங்கள் கிளை யாருக்கும் தெரியாது. மாலை 4 மணி, வாருங்கள்.