பாடகர் போன பிறகும் பேட்டில்ஸ் எப்படி நின்றது?

காளவாசல் கிட்டார்:

மதுரையில் நாங்கள் நான்கு பேர் ஒரு பேண்ட் வைத்திருந்தோம், இப்போது மூன்று பேர். பாடிக்கொண்டிருந்தவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷமாகத்தான் வழியனுப்பினோம். மீதி இருப்பது கிட்டார், பேஸ், டிரம்ஸ். வேறு பாடகர் தேடலாமா, குரலே இல்லாமல் போகலாமா என்று சேர்ந்து உட்காரும்போதெல்லாம் இதே பேச்சுதான். நான் குரல் வேண்டாம் என்கிற கட்சி. அதற்குக் காரணம் நியூயார்க்கின் பேட்டில்ஸ் என்ற ராக் பேண்ட். 'மிரர்ட்' ஆல்பத்தைக் கேட்டதிலிருந்து ஐந்து, ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் எதையாவது வாசித்துப் பார்க்காமல் என் கை சும்மா இருப்பதில்லை.

அவர்களுக்கும் இதேதான் நடந்தது என்று படித்தேன். 2007-இல் 'மிரர்ட்' வந்தது, அதற்குக் கிடைத்த வரவேற்பு எல்லாருக்கும் தெரியும். 2010-இல் அதில் குரல் கொடுத்த டையண்டை பிராக்ஸ்டன் விலகினார், அடுத்த வருஷமே மீதி மூவர் 'கிளாஸ் டிராப்' ஆல்பம் போட்டார்கள். உண்மையிலேயே நின்றார்களா, இல்லை பெயர் மட்டும் ஓடியதா? நின்றார்கள் என்றால் அவர்கள் வேலை செய்கிற முறையில் எது தாங்கியது? எல்லா ஆல்பத்தையும் கேட்டவர்கள் சொல்லுங்கள், உங்கள் பதிலை அப்படியே என் ஆட்களிடம் காட்டப் போகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் லூப் பெடலில் ஒரு துண்டை வாசித்துச் சுழலவிட்டால் எங்கள் டிரம்மர் கொஞ்ச நேரத்தில் அதைவிட்டு விலகிவிடுகிறான். நல்ல டிரம்மர், கை சுத்தம், ஆளோடு வாசித்தால் பிசகே கிடையாது. லூப்போடு மட்டும் ஒட்ட மாட்டேன் என்கிறது. இதற்கு என்ன செய்வது?

தல்லாகுளம் கேசட்:

தம்பி, பேட்டில்ஸைப் 'பாடகர் போன பேண்ட்' என்று எடுத்துக்கொண்டால் கதை தலைகீழாகத் தெரியும். பின்னாலிருந்து பாருங்கள்.

பேட்டில்ஸின் கிட்டார்காரர் இயன் வில்லியம்ஸ் அதற்கு முன்னால் பிட்ஸ்பர்க்கின் டான் கபலேரோ பேண்டில் இருந்தார். 1990-களின் மேத் ராக் (சிக்கலான தாளக் கணக்கில் போகிற ராக்) என்றால் முதலில் வாயில் வருகிற பெயர்களில் ஒன்று அது, அந்தப் பேண்டில் பாடுகிற குரலே கிடையாது. டேமன் சே என்கிற டிரம்மர்தான் முன்னால் நிற்கிற ஆள் மாதிரி அடித்துத் தள்ளுவார், கிட்டார்கள் அவரைச் சுற்றி ஓடும். 2000-இல் வந்த 'அமெரிக்கன் டான்' கேளுங்கள். வில்லியம்ஸ் லூப் கருவியை வைத்து ஒரே ஆளாக அடுக்கடுக்காகக் கிட்டார் போடுகிறார், விரல்களால் கிட்டாரின் கழுத்தைத் தட்டித் தட்டி வாசிக்கிற அந்தச் சின்னச் சின்னத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புதிதாக ஒரு மெட்டு தானாக எழும்பி வரும். பேட்டில்ஸின் விதை அங்கேயே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். அந்த ஆல்பத்தோடு பேண்ட் உடைந்தது, அவர் நியூயார்க்கில் 2002-இல் புதிதாக ஆரம்பித்தார்.

சேர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். ஹெல்மெட் என்ற பேண்டின் டிரம்மர் ஜான் ஸ்டேனியர், 1992-இல் வந்த அவர்களின் 'மீன்டைம்' ஆல்பம் கேட்டவர்களுக்கு அந்த ஸ்னேர் டிரம் சத்தம் மறக்காது. லிங்க்ஸ் என்ற பேண்டில் இருந்த டேவ் கொனோப்கா. அப்புறம் பிராக்ஸ்டன், ஜாஸ் மேதை ஆன்டனி பிராக்ஸ்டனின் மகன், தரையில் உட்கார்ந்து பெடல்களைப் பரப்பிக்கொண்டு தன் குரலையே அடுக்கி அடுக்கித் தனியாக நிகழ்ச்சி நடத்தியவர். இந்த நால்வரில் வழக்கமான பொருளில் பாடகர் என்று யாருமே இல்லை! 2004-இல் வெளிவந்த சின்ன வெளியீடுகளை ('இபி சி', 'டிராஸ்', 'பி இபி', இவற்றை 2006-இல் வார்ப் நிறுவனம் ஒரே தொகுப்பாகப் போட்டது) கேட்டால் தெரியும், பாடல் வரி என்று உட்கார்ந்து கேட்க எதுவும் இருக்காது. 'மிரர்ட்' வந்தபோதும் 'அட்லஸ்' பாட்டில் பிராக்ஸ்டன் குரலின் சுருதியை இழுத்து மேலே தூக்கிவிட்டார், வார்த்தை பிடிபடாது, சின்னப் பிள்ளைகள் கூட்டமாகக் கத்துகிற மாதிரி ஒரு வாத்தியமாகத்தான் அது நிற்கிறது.

அதனால் அவர் போனபோது பாட்டின் எலும்பு போகவில்லை. எலும்பு வில்லியம்ஸும் கொனோப்காவும் சுழலவிட்ட லூப்பும் ஸ்டேனியரின் டிரம்ஸும்தான். ஆனாலும் சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். அவர் விலகியபோது ஆல்பம் வேலை நடுவில் இருந்தது, மூன்று பேரும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினார்கள். நான்கு பாட்டுக்கு மட்டும் வெளியிலிருந்து குரல் வாங்கினார்கள்: 'ஐஸ்கிரீம்' பாட்டில் சிலியில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த மத்தியாஸ் அகுவாயோ, 'மை மெஷின்ஸ்' பாட்டில் கேரி நியூமன், இன்னும் இரண்டில் பிளாண்ட் ரெட்ஹெட் பேண்டின் கசு மகினோவும் போர்டம்ஸ் பேண்டின் யமன்டாகா ஐயும். மீதியெல்லாம் வாத்தியம் மட்டுமே. முதல் பாட்டு 'ஆஃப்ரிகாஸில்' மெதுவாகத் தொடங்கித் திடீரென்று டிரம்ஸ் விழுகிற இடம் இருக்கிறதே, எனக்கு அது 'மிரர்ட்'டில் உள்ள எதையும்விடப் பிடிக்கும். 2015-இல் 'லா டி டா டி' வந்தபோது விருந்தாளிக் குரலையும் விட்டுவிட்டார்கள், பன்னிரண்டு பாட்டிலும் ஒரு வார்த்தை இல்லை. உங்கள் பேஸ் வாசிப்பவருக்கும் டிரம்மருக்கும் முதலில் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

வைகைக்கரை:

கேசட் அண்ணன் சொன்ன வரலாறு சரி. ஆனால் இழப்பே இல்லை என்கிற மாதிரி அவர் முடித்ததை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 'மிரர்ட்'டில் வருகிற 'டோன்டோ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேகம் படிப்படியாக இறங்கி இறங்கி நின்றே போகிறது, டிரம்மும் கிட்டாரும் சேர்ந்து மூச்சு வாங்குவது கேட்கும். 'லேயண்டெக்கர்' இன்னொன்று, குரலும் கீபோர்டும் எது எது என்று பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கும். பிராக்ஸ்டன் ஒரு கம்போசர். அதே காலத்தில் 2009-இல் அவர் தனியாகப் போட்ட 'சென்ட்ரல் மார்க்கெட்' கேட்டால் எவ்வளவு பெரிய இசைக்குழுவை மனதில் வைத்து யோசிக்கிறவர் என்று புரியும். அந்த யோசனை பேட்டில்ஸுக்குள் பிறகு திரும்பி வரவே இல்லை. 'லா டி டா டி' சுத்தமாக இருக்கிறது, ரொம்பச் சுத்தம், ஒவ்வொரு லூப்பும் அதனதன் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் அதன் குறையும்.

'கிளாஸ் டிராப்' சமயத்தில் மேடையில் பெரிய திரைகளை வைத்து விருந்தாளிப் பாடகர்கள் பாடுவதைப் படமாக ஓடவிட்டார்கள். அந்த நிகழ்ச்சிகளின் வீடியோவைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு மனசு ஒட்டவில்லை. ஆள் இல்லாத இடத்தை ஆள் இல்லை என்றே விட்டிருக்கலாம்.

அப்புறம் 2019. அதற்குள் கொனோப்காவும் போய்விட்டார், மிச்சம் வில்லியம்ஸும் ஸ்டேனியரும் மட்டும். 'ஜூஸ் பி கிரிப்ட்ஸ்' இரண்டே பேர் போட்ட ஆல்பம், யெஸ் பேண்டின் ஜான் ஆண்டர்சனிலிருந்து டியூன்-யார்ட்ஸ் வரை மறுபடி விருந்தாளிகள். இது எனக்கு 'லா டி டா டி'யைவிடப் பிடித்தது, ஏனென்றால் கொஞ்சம் கலைந்து கிடக்கிறது, 'அம்புலன்ஸ்' பாட்டில் அடுத்து எங்கே விழும் என்று தெரியாமல் கேட்கலாம். நான்கு, மூன்று, இரண்டு என்று ஆள் குறையக் குறைய ஒவ்வொரு தடவையும் பழையதையே வாசிக்க முயற்சி செய்யாமல் வேலை முறையையே மாற்றினார்கள். நின்றது என்றால் அதனால்தான் நின்றது. தம்பி, நீங்கள் பழைய பாட்டில் பாடகனின் பங்கைக் கிட்டாரில் வாசித்து ஒப்பேற்றப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். மூன்று பேருக்கென்று புதிதாகப் போடுங்கள்.

மேலூர் தவில் வீடு:

பேண்ட் வரலாற்றை மேலே இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள், நான் டிரம்மர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் தவில், இப்போதும் திருவிழா, கல்யாணம் என்று போய்வருகிறோம். நான் டிரம்ஸும் வாசிப்பேன்.

உங்கள் டிரம்மரிடம் குறை இல்லை. ஆளோடு வாசித்துப் பழகியவர் கொஞ்சம் முந்தினால் எதிரில் இருப்பவரும் முந்துவார், இரண்டு பேரும் சேர்ந்தே நகர்வதால் பிசகே தெரியாது. லூப் அப்படி நகராது, அதற்குக் காது இல்லை. எங்கள் மேளத்தில் இதற்கென்றே ஓர் ஆள் உண்டு, தாளம் போடுகிறவர். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், கையில் ஜால்ராவோடு நிற்கிற அவர் அசையக் கூடாது. சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும்போது கவனியுங்கள், ஒரே வரியைக் காலம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள், மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ரத்திலும் கொண்டுபோவார்கள், ஜால்ரா மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பேட்டில்ஸில் லூப்தான் அந்த ஜால்ரா. ஸ்டேனியர் அதைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார், அது அவரைக் கேட்காது என்று தெரிந்தே வாசிக்கிறார். ஹெல்மெட் காலத்திலிருந்தே அவரிடம் அந்த இறுக்கம் உண்டு.

அவருடைய செட்டைப் பாருங்கள், ரொம்பச் சின்னது. கிக், ஸ்னேர், ஹை-ஹாட், ஒரு ஃப்ளோர் டாம், தலைக்கு மேலே உயரத்தில் ஒரே ஒரு கிராஷ் சிம்பல். கையை முழுசாக நீட்டி எம்பி அடிக்க வேண்டும் என்பதால் நினைத்த நேரத்துக்கெல்லாம் அதை அடிக்க முடியாது. அலங்காரம் குறைந்தால் கவனம் லூப்பில் நிற்கும். உங்கள் ஆளையும் கொஞ்ச நாளைக்கு டாம், கிராஷ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு கிக், ஸ்னேர், ஹை-ஹாட் மட்டும் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

முக்கியமாக, லூப் அவர் காதில் விழுகிறதா? நீங்கள் வாசிக்கிற அறையில் உங்கள் ஆம்ப் உங்களைப் பார்த்து இருக்கும், அவருக்குத் தன் ஸ்னேர் மட்டும்தான் கேட்கும். ஆம்பைத் திருப்பி அவர் பக்கம் வையுங்கள், இல்லையென்றால் லூப்பை மட்டும் ஹெட்ஃபோனில் கொடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். இன்னொன்று, பெடலை நீங்கள் மிதிக்கிற இடம். கால் ஒரு மயிரிழை தாமதித்தால் லூப் அவ்வளவு நீளமாகிவிடும், ஒவ்வொரு சுற்றிலும் அது சேர்ந்துகொண்டே போகும், அவர் ஒழுங்காக வாசித்தாலும் விலகுகிற மாதிரிதான் தெரியும். அவரை எண்ணச் சொல்லி அவருடைய சமத்தில் (சுற்றின் முதல் அடியில்) மிதியுங்கள், நீங்களாக மிதிக்காதீர்கள்.

பயிற்சிக்கு: நீங்கள் ஐந்து எண்ணிக்கையில் ஒரு லூப் போடுங்கள், தகதகிட. அவர் நான்கில் நேராகப் போகட்டும், தகதிமி. இருபதாவது அடி முடிந்ததும் இருவரும் சேர்ந்து சமத்தில் விழ வேண்டும். கையில் வாசிப்பதற்கு முன்னால் வாயால் சொல்லுங்கள், மூன்று பேரும் சேர்ந்து. அது வந்த பிறகு ஏழு, அது இருபத்தெட்டில் சேரும். 'அட்லஸ்' கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் அது ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து வருகிற திஸ்ர நடைதான், தகிட தகிட என்று சொல்லிக்கொண்டே கேட்டால் உடனே பிடிபடும். நம் ஊர் நையாண்டி மேளத்தில் வளர்ந்த காதுக்கு அது அந்நியமே இல்லை.

காளவாசல் கிட்டார்:

அண்ணே, ஆம்ப் விஷயம் அப்படியே உண்மை, அது என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. வைகைக்கரை சொன்னதை எங்கள் பேஸ்காரனிடம் காட்டினேன், அவன் இவ்வளவு நாள் சொன்னதும் அதுதான், பழைய பாட்டை வாசிக்கவே கூடாது என்பான். இனி அதில் எனக்கும் மறுப்பு இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், இந்த ஊரில் மேடை கிடைப்பதே பெரிய விஷயம், ஆனால் சினிமாப் பாட்டு வாசிப்பீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். பாடகரே இல்லாமல் ஏழில் போகிற ஒன்றை அங்கே வாசித்தால் உட்கார்ந்து கேட்பார்களா?

மேலூர் தவில் வீடு:

கேட்பார்கள். தவில் தனிக்கு யாரும் வரி கேட்பதில்லை, கோயில் வாசலில் நின்று முடியும்வரை கேட்கிறார்கள். ஆனால் முதலில் டிரம்மரைத் தனியாக ஆரம்பிக்கவிடுங்கள், 'மிரர்ட்'டின் முதல் பாட்டு 'ரேஸ்: இன்' தொடங்குகிற மாதிரி. உடம்பில் தாளம் ஏறிய பிறகு உங்கள் லூப் உள்ளே வரட்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டாத இரண்டு உருப்படி போதும். முடிகிற இடத்தில் மூன்று பேரும் ஒரே சமத்தில் நிற்க வேண்டும், தவிலில் முடிவாக வாசிக்கிற தீர்மானம் மாதிரி ஒரே துண்டை மூன்று தரம் சொல்லி நிறுத்துங்கள், கைதட்டு அங்கே விழும்.

தல்லாகுளம் கேசட்:

விழா எந்தத் தேதி என்று இங்கேயே போடுங்கள் தம்பி, வருகிறேன். டிரம்மரை 'லா டி டா டி'யில் முதல் பாட்டு 'தி யாபா'விலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், லூப் தனியாக ஓடும்போது ஸ்டேனியர் எங்கே உள்ளே நுழைகிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.