‘ரியல் ஏல்’: விளைதேறல் எனலாமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பப்பின் பீப்பாயிலேயே நொதித்து முடியும் பியர் வகையான ‘ரியல் ஏல்’ என்பதற்கு நம் அகராதியில் வைக்கத் தமிழ்ச்சொல் கேட்டதில், இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: உண்மை ஏல், மெய்ப்பியர், மரபுப் பியர், மரப்பீப்பாய்ப் பியர். நான்கையும் படித்தும் ஒரு வாரமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். நான் வசிக்கும் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் இது அன்றாடப் பொருள். ஆனாலும் கிட்டே போய்ப் பார்க்காமல் ஒன்றுக்குப் பெயர் வைக்க மனம் ஒப்பவில்லை. போன வெள்ளிக்கிழமை மாலை அலுவலக நண்பர்கள் இருவரோடு நடந்தே நான்கு பப்களுக்குப் போய்வந்தேன். ஒவ்வொன்றிலும் அரைப் பைன்ட், அதற்கு மேல் இல்லை.

தொடங்கியது ஹீட்டன் நாரிஸில், வீடுகள் நிறைந்த ஒரு தெருவில் இருக்கும் நர்சரி என்ற பப்பில். 1939இல் கட்டியது. பின்னால் புல்தரையில் பந்துருட்டும் திடல் உண்டு. 2001இல் நாட்டின் சிறந்த பப் என்று, ரியல் ஏலுக்காகப் பாடுபடும் கேம்ரா இயக்கம் இதைத் தேர்ந்தெடுத்தது. அங்கிருந்து வெலிங்டன் சாலையில் இறக்கமாக நடந்தால் மேக்னட். இன்னும் கீழே, 1840இல் கட்டிய ரயில் பாலத்தின் இருபத்தேழு வளைவுகள் தலைக்கு மேல் நிற்க, அதன் நிழலில் கிரவுன். நான்காவதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏனென்று பிறகு தெரியும்.

முதலில் ‘உண்மை’, ‘மெய்’ இரண்டையும் ஏன் விட வேண்டும் என்று சொல்கிறேன். 1971இல் நான்கு இங்கிலாந்துக்காரர்கள் அயர்லாந்தின் கெரிப் பகுதிக்கு விடுமுறைக்குப் போனார்கள். போன இடத்தில் தொடங்கியதுதான் கேம்ரா. அப்போது அதன் பெயர் ‘ஏலுக்குப் புத்துயிரூட்டும் இயக்கம்’ என்ற பொருளில் இருந்தது. 1973இல்தான் ‘ரியல் ஏல் இயக்கம்’ என்று மாற்றினார்கள். வாட்னீஸ் ரெட் பேரல் போன்ற கெக் பியர்கள் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. வடிகட்டி, சூடாக்கி நொதியை (ஈஸ்ட்டை) கொன்று, கரியமில வாயுவை வெளியிலிருந்து ஏற்றி அனுப்பும் பியர். அதை எதிர்த்து எழுந்தவர்கள் தூக்கிப் பிடித்த கொடிதான் ‘ரியல்’ என்ற சொல். கொடியில் எழுதியதை நாம் அகராதியில் இறக்கினால், மற்றதெல்லாம் பொய்ப்பியர் என்று தீர்ப்பு எழுதியதாகிவிடும். அது நம் வேலை அல்ல.

‘மரப்பீப்பாய்’ நடக்காது. கேம்ராவுக்கு முன்பே, 1963இல், மரப்பீப்பாய்ப் பியரைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. பெயரிலேயே மரத்தை வைத்துக்கொண்டார்கள். ஆனால் பீப்பாய்கள் உலோகத்துக்கு மாறிவிட்டன, பிளாஸ்டிக்கும் வந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஏல் மாறவில்லை. ‘மரபு’ என்பதற்கும் இதே கதிதான். நேற்றுத் தொடங்கிய ஆலை கசப்புக்கு அமெரிக்க ஹாப் பூவைப் போட்டு வடித்தாலும், முறை சரியாக இருந்தால் அதுவும் ரியல் ஏல்தான்.

அப்படியானால் எது முறை? 1981இல் ஆக்ஸ்போர்டு அகராதி இச்சொல்லைச் சேர்த்தபோது தந்த விளக்கத்தின் சாரம் இது: மரபான பொருள்களால் வடித்து, பரிமாறும் கலத்துக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, வெளியிலிருந்து கரியமில வாயு ஏற்றாமல் தருவது. இதில் நடுத்துண்டுதான் உயிர். ஆலையை விட்டு வெளியேறும்போது ஏல் முடிந்த பண்டம் அல்ல. பப்பின் நிலவறைக்கு வந்த பிறகுதான் முடிகிறது.

அந்த நிலவறையை ஓரிடத்தில் பார்க்கவும் வாய்த்தது. பரிமாறுகிறவரிடம் நாங்கள் ஓயாமல் கேள்வி கேட்டதில், படியிறங்கிப் பாருங்கள் என்று அவரே கூட்டிப்போனார். பன்னிரண்டு டிகிரி அளவில் குளிர்ச்சி. ‘இங்கிலாந்தில் சூடான பியர்’ என்று நம்மவர்கள் சொல்வது தவறு, மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பீப்பாய்கள் சட்டத்தின் மேல் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் ஃபிர்கின் என்ற அளவு: ஒன்பது கேலன், அதாவது எழுபத்திரண்டு பைன்ட். மேற்புறத் துளையில் நுண்துளைகள் உள்ள ஒரு மூங்கில் தக்கை. அதைச் சுற்றி வெண்ணுரை கொப்பளித்து வழிந்துகொண்டிருந்தது. அவர் துணியால் துடைத்தார். ஒரு நிமிடத்தில் மறுபடி வந்தது. உள்ளே நொதி இன்னும் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. நுரை அடங்கியதும் இந்தத் தக்கையை எடுத்துவிட்டு, காற்றுப் புகாத கெட்டித் தக்கையை அடிப்பார்களாம். அதற்குள் நொதி பீப்பாயின் வயிற்றில் படிந்து மேலே தெளிவு நிற்கும். திறந்தபின் மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். ஏல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போவதால் பிறகு புளிப்பு ஏறிவிடும். கூட்டம் வராத பப்பில் நல்ல ரியல் ஏல் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

இப்போது நான்காவது பப். கைப்பம்பை இழுத்து ஊற்றிய கோப்பையை விளக்குக்கு நேரே பிடித்தால், அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கல். வாயில் வைத்தால் ஈஸ்ட் வாடை. திருப்பிக் கொடுத்தோம். பரிமாறிய பெண் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு, “மன்னிக்கணும், இது இன்னும் தெளிஞ்சு இறங்கல” என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கோ அது தமிழாகவே காதில் விழுந்தது: இன்னும் தேறல. அப்போதுதான் உறைத்தது, இந்தச் சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது என்று.

தேறு என்றால் தெளி. தேறியது தேறல். சங்கப் பாட்டில் தெளிந்த கள்ளுக்கு அதுதான் பெயர். உடம்பு தேறியது, பையன் தேறிவிட்டான் என்று இன்றும் பேசுகிறோம். சொல் சாகவில்லை.

முன்னொட்டுக்கு வருகிறேன். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக்கூழை ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு எடுக்கும் ஒரு கள் வருகிறது. ‘வல்வாய்ச் சாடியின் வழைச்சற விளைந்த’ என்கிறது பாட்டு. வழைச்சு என்றால் இளமை. பீப்பாயில் இன்னும் பக்குவப்படாத ஏலை இங்கே ‘பச்சை’ என்கிறார்கள், அதே கருத்து. சாடிக்குள் நடப்பதற்குப் பாட்டு போட்ட வினை ‘விளை’.

ஆகவே என் பரிந்துரை: விளைதேறல்.

இது வினைத்தொகை. விளைந்த தேறல், விளைகின்ற தேறல், விளையும் தேறல் என மூன்று காலமும் உள்ளே மறைந்து நிற்கின்றன. ஆலையில் விளைந்தது, நிலவறையில் விளைகிறது, நாளை மாலையும் விளையும். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு வாக்கியம் வேண்டியிருக்கிறது. நமக்கு இலக்கணமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. விளைநிலம், விளைபொருள் என்று பழகிய கண்ணுக்கு இது உறுத்தாது. ஒரு வேண்டுகோள்: நடுவில் ‘த்’ போடாதீர்கள். ஊறுகாயில் ‘க்’ போடுகிறோமா? வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

துணைச்சொற்களும் இதிலிருந்தே கிடைக்கின்றன. ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பசையைப் பீப்பாயில் சேர்க்கிறார்கள். சைவ உணவுக்காரர்கள் கேட்டுக் குடிக்க வேண்டியது அதனால்தான். அதற்குத் தேற்றி என்று பெயர் வைக்கலாம். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க நாம் இழைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்றுதானே பெயர்? நுரை கக்கும் தக்கைக்கு மூச்சுத்தக்கை, கெட்டித் தக்கைக்கு அடைதக்கை என்பது என் எண்ணம். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஸ்டாக்போர்ட்டிலிருந்து

——

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

அன்பின் நண்பருக்கு,

விளைதேறல் எனக்கு நல்லாய்ப் பிடிச்சிருக்கு. உங்கட வாதத்துக்குப் பனையடியில் இருந்து இன்னொரு பலமும் தாறன். பாளையில் கட்டுற முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் புளிப்பு நிண்டு கருப்பணி, உங்கட பதநீர், இறங்கும். பூசாட்டி அதே பாளையில் கள்ளு. காலமைக் கள்ளுக்கும் பின்னேரக் கள்ளுக்கும் உறைப்பு வேறை, ஏனெண்டால் அது இறக்கின பிறகும் விளைஞ்சுகொண்டே இருக்கும். அதை ஒருத்தரும் ‘உண்மைக் கள்ளு’ எண்டு சொன்னதில்லை, கருப்பணியைப் ‘பொய்’ எண்டதும் இல்லை.

எனக்கு இரண்டு ஐயம். தேற்றி போடாமல், வேண்டுமென்றே கலங்கலாகவே தரும் ஏலும் இப்ப இருக்கெண்டு கேள்வி. அதைத் தேறல் எண்டால் பிழையில்லையோ? மற்றது, பப்புக்கு எங்களிடம் ‘தவறணை’ எண்ட சொல் இருக்கு. போர்த்துக்கேயர் விட்டுப்போனது. நீங்கள் நடந்த நடையைத் தவறணை உலா எண்டு சொல்லலாமே?

——

மறுமொழி, ஸ்டாக்போர்ட்டிலிருந்து:

அன்புள்ள நண்பருக்கு,

கருப்பணி எடுத்துக்காட்டு என் மடலில் இருந்திருக்க வேண்டியது. நிலவறையில் நின்றபோது எனக்குத் தோன்றவில்லை. சுண்ணாம்பு பூசிய முட்டிதான் கெக், பூசாததுதான் பீப்பாய். அகராதிப் பதிவில் விளக்கமாக இதையே சேர்க்கிறேன்.

கலங்கல் ஏல் இருப்பது உண்மை. தேற்றி சேர்க்காத ஏல் என்று சொல்லியே விற்கிறார்கள். அதற்கு ‘கலங்கல் விளைதேறல்’ என்று அடைமொழி சேர்க்கலாம். முரண்போல் தெரியும், ஆனால் அங்கும் நொதியின் பெரும்பகுதி அடியில் படியத்தான் செய்கிறது. வண்டலோடு யாரும் ஊற்றுவதில்லை. சொல்லின் வேரும் பொருளும் எல்லா இடத்திலும் ஒட்டியே இருக்கும் என்று நான் கேட்கவில்லை, பெரும்பான்மை பொருந்தினால் போதும்.

தவறணை உலா அழகு. இந்த வட்டாரத்துக் கேம்ரா கிளை தன் மாதாந்திர உலாவுக்குத் தள்ளாட்டம் என்ற பொருளில் ‘ஸ்டாகர்’ என்று பெயர் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் பொதுச்சொல்லான ‘பப் கிரால்’ தவழ்வதைச் சொல்கிறது. நாங்கள் தள்ளாடவும் இல்லை, தவழவும் இல்லை. தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டே போனோம், அதற்கு உலாதான் சரி. ஆனால் தமிழ்நாட்டில் தவறணை பலருக்குப் புரியாது. ‘பப்’ எல்லோருக்கும் தெரியும். பதிவில் தவறணை உலாவை முதலிலும் பப் உலாவை அடுத்தும் வைக்கிறேன், எது நிலைக்கிறது என்று பார்ப்போம்.

இன்னும் ஒன்று பாக்கி. பீப்பாயில் கடைசிப் பைன்ட்கள் இருக்கும்போது, அடிவண்டல் அசையாதபடி பின்பக்கத்தை மெல்ல உயர்த்திச் சாய்க்கிறார்கள். எங்கள் வீட்டில் பாட்டி தண்ணீர்ப் பானையைச் சாய்த்துத் தெளிவை மட்டும் எடுப்பதை ‘இறுத்தல்’ என்பார், ‘தெளிவை இறுத்து வை’ என்று. கொங்கு, நெல்லை, மட்டக்களப்புப் பக்கம் இதற்கு வேறு சொல் இருக்கிறதா? கள் இறக்கும் குடும்பத்தார் யாராவது குழுவில் இருந்தால், கலயத்தின் அடியில் நிற்கும் மண்டியை என்ன சொல்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்.