‘கணி, கவனி, விளக்கு’ பாட வடிவம்: உதவி தேவை

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு, பிள்ளைகளே ஆராய்ந்து கண்டுபிடிக்கிற மாதிரி இணையப் பாடங்கள் தயாரிக்கிறேன். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கட்டாமல், ஒரே வடிவத்தைப் பல பாடங்களுக்குப் பயன்படுத்த ஆசை. கல்வி ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஒயிட்டும் ரிச்சர்ட் கன்ஸ்டோனும் 1992இல் வெளியான தங்கள் நூலில் விவரித்த ‘கணி, கவனி, விளக்கு’ முறையை எடுத்துக்கொண்டேன்.

மின்சுற்றுக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள். ஒன்றைக் கழற்றினால் மற்றது என்ன ஆகும்? கணிப்பையும் காரணத்தையும் முதலில் கூகுள் ஃபார்மில் எழுத வேண்டும். அப்புறம் ஃபெட் (PhET) என்ற இணையதளத்தின் மின்சுற்று சிமுலேஷனில் கழற்றிப் பார்க்க வேண்டும். “முழு மின்சாரமும் அதற்கே கிடைக்கும், இன்னும் பிரகாசமாக எரியும்” என்று எழுதிய பிள்ளை, அது அணைந்ததும் “ஏன்?” என்று கேட்கும் இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது.

சிக்கல் இதுதான்: விடை தெரிந்ததும் பலர் முந்தைய பக்கத்துக்குப் போய்க் கணிப்பைத் திருத்திவிடுகிறார்கள். எனக்கு வேண்டியதோ அந்த முதல் கணிப்பு. கணிப்புக்குத் தனி ஃபார்ம் வைத்து, அனுப்பிய பிறகு வரும் செய்தியில் அடுத்த பகுதிக்கான லிங்கைக் கொடுக்கலாமா? மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளத்தில் இதைவிட எளிதாக யாராவது செய்திருக்கிறீர்களா? பெரும்பாலும் செல்போனில்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. விதை முளைத்தல் போல நாள்கணக்கில் கவனிக்க வேண்டியவற்றுக்கு இந்த வடிவம் ஒட்டவே இல்லை. இடையில் ஆர்வம் வடிந்துவிடுகிறது. அதற்கேற்ற வடிவம் வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால் பெரிய உதவி. என் மின்சுற்றுப் பாடம் வேண்டுமென்றால் கேளுங்கள், நகலெடுத்து மாற்றிக்கொள்ளலாம்.