பிரிசர்வ்டு ரோஸில் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ: கடலோரக் கடைக்கு எதைப் பார்த்து வாங்குவது?

கீழக்கரை_கடை

கீழக்கரையில் சின்னப் பரிசுப்பொருள் கடை. கல்யாணச் சீர்த்தட்டுக்கும் கண்ணாடி டோமுக்கும் பிரிசர்வ்டு ரோஸ் (வாடாம இருக்கப் பதப்படுத்தின நிஜ ரோஸ்) எடுக்கணும். மூணு இடத்தில் விலை கேட்டாச்சு. ஒருத்தர் "ஏ கிரேடு" என்கிறார், அடுத்தவர் "ட்ரிபிள் ஏ", மூணாமவர் "பிரீமியம்". மூணுமே 5-6 செ.மீ., பெட்டிக்கு ஆறு பூ. போட்டோவில் ஒரு வித்தியாசமும் தெரியலை, விலையில் மட்டும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வித்தியாசம்.

இந்த எழுத்துக்கு உண்மையில் என்ன அர்த்தம்? தட்டு அலங்காரத்துக்கு பி கிரேடு போதுமா? போன கார்த்திகையில் எடுத்த சரக்கு வேர்த்து, சிவப்பு இறங்கி வெள்ளை சாட்டின் துணி பாழாப்போச்சு. அது கிரேடு குறையா, நம்ம ஊர்க் காத்தா?

மொத்தச்_சரக்கு

இந்த எழுத்தெல்லாம் ஆலைக்காரங்க தாங்களே ஒட்டிக்கிற சீட்டு தம்பி. தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கிற மாதிரி இதுக்குப் பொது முத்திரை கிடையாது. ஒரு ஆலையோட ஏ, இன்னொரு ஆலையில் பி-யா நிக்கலாம். "பிரீமியம்" கிரேடே இல்லை, அது விளம்பரம்.

செய்முறை தெரிஞ்சா சீட்டோட எல்லையும் தெரிஞ்சிரும். பாதிக்கு மேல விரிஞ்ச பூவைப் பறிச்சு, ஆல்கஹாலில் ஊறவெச்சு உள்ளே இருக்கிற தண்ணியை வெளியேத்துறாங்க. பூவோட சொந்த நிறமும் அதிலேயே போயிரும். பிறகு கிளிசரின் அல்லது பாலிஎதிலீன் கிளைக்கால், கூடவே சாயம் கலந்த கரைசலில் ஊறப்போட்டு, தண்ணி இருந்த இடத்தில் அதை ஏத்தி, வடிச்சு உலர்த்துறாங்க. தரம் பிரிக்கிறது எல்லாம் முடிஞ்ச பிறகு, கண்ணால் பார்த்து. அதனால எழுத்து சொல்றது அழகை மட்டும்: அளவு, உருண்டை, கிழிசல், நிறம். கரைசல் ஒழுங்கா வடிஞ்சதா, சாயம் பிடிச்சதா என்பதை எந்தச் சீட்டும் சொல்லாது. உங்க துணியைக் கெடுத்தது அந்தச் சொல்லாத பாகம்.

கையில் எடுத்தா இதைப் பாருங்க.

அளவு: வெர்னியரை (தடிப்பு அளக்கிற கவ்வுகோல்) அழுத்தாம, பூவோட அகலமான இடத்தில் வைங்க. 5-6 என்று சீட்டு ஒட்டின பெட்டியில் 4.7 வந்தா, அது 4-5 பெட்டிச் சரக்கு. 4-5 வழக்கமா எட்டுப் பூ பெட்டியில் வரும், விலையும் குறைவு. உயரத்தையும் பாருங்க. மேலே அகலமா இருந்து உயரம் தட்டையா இருந்தா, விரலால் விரிச்சுவிட்ட பூ.

நடு: இதழ்ச் சுருள் மையத்தில் இறுக்கமா நிக்கணும். நடு குழிஞ்சு மஞ்சள் தூள் தெரிஞ்சா முத்தின பூ.

அடி: திருப்பிப் பிடிச்சு, பச்சைப் புல்லி இதழ் அஞ்சும் இருக்கான்னு பாருங்க. போன் டார்ச்சை அடியில் காட்டுங்க. இதழ் சேருற இடத்தில் பளபளப்பா கோடு ஓடினா அது பசை. உதிர்ந்த இதழை ஒட்டினது பி கிரேடில் சகஜம். ஏழு, எட்டு செ.மீ.க்கு மேல போற பூவில் வேற பூவோட இதழைச் சுத்தி ஒட்டிப் பெரிசாக்குறதும் உண்டு. சொல்லி வித்தா தப்பில்லை. சொல்லாம ஒத்தைப் பூ விலைக்கு வித்தா ஏமாத்து.

நிறம்: கருஞ்சிவப்பில் குறை மறைஞ்சிரும். அதனால சாம்பிள் கேட்கும்போது வெள்ளையும் இளம் ரோஸும் கேளுங்க. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுற திட்டு, இதழ் ஓரத்தில் பழுப்பு, மடிப்புக் கோடு எல்லாம் அதில்தான் முகத்தில் அறையும்.

எக்குவடார், கொலம்பியா மலைப் பூ பெரும்பாலும் தலை பெரிசு, இதழ் தடிப்பு. சீனாவோட யுன்னான் சரக்கு விலை குறைவு, நல்லதும் வருது, மட்டமும் வருது. ஊரை வெச்சு முடிவெடுக்காதீங்க. நம்ம முண்டு மிளகாய் வத்தலை மண்டியில் "முதல் தரம்" என்றவுடனே மூட்டையைத் தூக்கிடுறோமா? அள்ளி, ஒண்ணை உடைச்சுப் பார்த்துத்தானே எடுக்கிறோம்.

தட்டு_அலங்காரம்

பி கிரேடு தட்டுக்குத் தாராளமா போதும்ங்க, ஆனா எந்தக் குறைக்காக பி ஆச்சுன்னு கேட்டு வாங்கணும். ஒரு பக்கம் நசுங்கினது, வெளி இதழ் ஒண்ணு கிழிஞ்சது, அளவு குறைஞ்சது என்றால் எடுங்க. நசுங்கின பக்கம் கீழே போயிரும், கிழிஞ்ச இதழைப் பிச்சிட்டா தெரியாது. சாயம் திட்டுத்திட்டா இருக்கிறது, ஈரப்பிசுக்கு உள்ளது வேண்டவே வேண்டாம். டோமுக்கு மட்டும் ஏ எடுங்க, அது நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும்.

தட்டில் பலர் செய்யுற தப்பு, பிரிசர்வ்டு ரோஸுக்குப் பக்கத்திலேயே மல்லிகைச் சரமும் மரிக்கொழுந்தும் சுத்துறது. அதில் தெளிச்ச தண்ணி போதும் சாயம் இறங்க. ரெண்டும் வேணும்னா நடுவில் கண்ணாடித்தாள் விரிங்க. பச்சை ஓயாசிஸ் (பூ குத்துற, தண்ணி உறிஞ்சுற ஃபோம்) நனைச்சுக் குத்தக் கூடாது, உலர்ந்த ஃபோம்தான். பசைத் துப்பாக்கியைக் குறைஞ்ச சூட்டில் வெச்சு, புல்லியில் மட்டும் ஒட்டுங்க. இதழில் கிளிசரின் இருக்கிறதால் பசை சரியா பிடிக்காது.

உப்புக்காத்து

மூணாவது கேள்விக்கு: ரெண்டும்தான்.

இந்தப் பூவுக்கு இதமான ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். கிளிசரின் காத்தில் இருந்து தண்ணி குடிக்கிற சாதி. 50 சதவீதத்தில் தன் எடையில் கால்பங்கு அளவுக்குத் தண்ணி வெச்சுக்கும். 80-க்குப் போனா ஏறக்குறைய தன் எடைக்குச் சமமா இழுத்துக்கும். இதழுக்குள்ளே அவ்வளவுக்கு இடமில்லை. முதலில் இதழ் கண்ணாடி மாதிரி ஆகும், பிறகு முத்து முத்தா வேர்க்கும், அந்த வேர்வையில் சாயம் கரைஞ்சு இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம பக்கம் காத்து 80-ஐத் தாண்டி நாள்கணக்கா நிக்கும். ஆலையில் கரைசலைச் சரியா வடிக்காத பூ முதல் வாரத்திலேயே விழுந்துரும். நல்லா வடிச்ச பூ தாக்குப்பிடிக்கும், ஆனா திறந்து வெச்சா அதுவும் விழும்.

இன்னொண்ணு உப்பு. சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரத்தில் தானா கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் இருக்கிறதால் அதுக்கும் முன்னாடியே கசியும், வீட்டில் கல்லுப்புச் சாடியைப் பார்த்தா தெரியும். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் ரெண்டு பக்கமும் கடல். வாசலில் திறந்து வெச்ச பூ மேல உப்புத் துகள் படிஞ்சா, அதுவே தண்ணியை இழுத்து இதழில் புள்ளி புள்ளியா கறை போடும். அதனால அதைக் கிரேடு குறைன்னு நினைச்சுக் கடைக்காரரோட சண்டை போட முடியாது.

கறை சோதனை: வெள்ளை டிஷ்யூவை வெளி இதழோட அடிப்பக்கத்தில் வெச்சு ரெண்டு விரலால் பத்து விநாடி மெதுவா அழுத்துங்க. கருஞ்சிவப்பில் லேசா நிறம் ஒட்டினா பரவாயில்லை. டிஷ்யூ நனைஞ்ச மாதிரி ஆனா பெட்டியைத் திருப்பி அனுப்புங்க.

கீழக்கரை_கடை

தெளிவா இருக்கு, நன்றிண்ணே. கடையில் ஏசி இருக்கு, ராத்திரி நிறுத்திடுவோம். சின்ன ஈரப்பத மீட்டர் ஒண்ணு இருக்கு, அதை நம்பலாமா தெரியலை. டப்பாவில் அரிசி போட்டு வெச்சா போதாதா?

உப்புக்காத்து

அரிசி வேண்டாம். இழுக்கிறது கொஞ்சம், தூசி நிறைய, வண்டும் வரும். ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் வாங்குங்க. நீலமும் கிடைக்கும், அதில் கோபால்ட் உப்பு இருக்கு, கடையில் குழந்தைங்க கை வைக்கிற இடத்தில் ஆகாது. பத்து லிட்டர் காத்துப்புகாத டப்பாவில் ஆறு பூவுக்கு 25-30 கிராம், துணிப்பையில், பூவைத் தொடாம. வேர்த்த பூவைக் காப்பாத்தணும்னா 100 கிராம் போட்டு ரெண்டு மூணு நாள் மூடி வைங்க. தினம் ஒருமுறை பாருங்க. கண்ணாடித் தன்மை போனவுடனே வெளியே எடுத்துடணும், விட்டுட்டா ஓரம் முறுகி உடையும். இறங்கின சாயம் திரும்ப ஏறாது. ஜெல் நிறம் மாறினா ஓவனில் 110-120 டிகிரியில் ரெண்டு மணி நேரம் வெச்சா பழையபடி ஆகும்.

மீட்டரைச் சோதிக்க உப்பே போதும். பாட்டில் மூடியில் ரெண்டு ஸ்பூன் தூள் உப்பு, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணி. கூழாகக் கூடாது. மீட்டரோட சேர்த்து ஜிப் பையில் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் 75 காட்டணும். 70 காட்டினா உங்க மீட்டர் அஞ்சு குறைச்சுச் சொல்லுதுன்னு மேலேயே எழுதி ஒட்டிடுங்க. வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு சமையலுக்கு ஆகும், இதுக்கு ஆகாது. மேலே சொன்ன மக்னீசியம் கணக்கைக் கெடுத்துரும்.

இதே ஏற்பாட்டில் பூவையும் சோதிக்கலாம். மூடின டப்பாவில் ஒரு பக்கம் உப்பு மூடி, இன்னொரு பக்கம் வெள்ளை டிஷ்யூ மேல ஒரு சாம்பிள் பூ, மூணு நாள். உள்ளே 75 சதவீதம் நிக்கும், ஏறக்குறைய நம்ம ஊர்க் காத்துதான் அது. மூணாம் நாள் டிஷ்யூ சுத்தமா இருந்தா அந்த லாட்டை எடுங்க. கறை விழுந்தா ட்ரிபிள் ஏ-யா இருந்தாலும் விடுங்க. மூணு பேர்கிட்டயும் ஒவ்வொரு பூ வாங்கி, ஒரே நேரத்தில் தனித்தனி டப்பாவில் வெச்சுப் பாருங்க, விலை வித்தியாசம் எதுக்குன்னு அப்ப தெரியும்.

மொத்தச்_சரக்கு

ஏசி விஷயம். பூவைக் குளிரில் இருந்து எடுத்து அப்படியே வெளியே திறந்தா, ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி இதழ் மேல தண்ணி கோக்கும். பெட்டியை மூடினபடியே ஒண்ணு ரெண்டு மணி நேரம் வெளியே வெச்சு, சூடு சமமான பிறகு திறங்க. டோம் உள்ளே பனி படியுறதும் இதே கதைதான், ஈரக்காத்தோட மூடிட்டு ஏசி அறைக்குள்ளே கொண்டுபோறது. டோமை ஏசி ஓடுற நேரத்தில் மூடுங்க, அடித்தட்டுக்குக் கீழே ஒரு சிலிக்கா பொட்டலம். வெயில் படுற ஷோகேஸில் வெச்சா சாயம் வெளுக்கும், அதைக் கிரேடு காப்பாத்தாது.

ஆர்டர் போடும்போது வாட்ஸ்அப்பிலேயே எழுதி வாங்குங்க: அகலம் செ.மீ.யில், பெட்டிக்கு எத்தனை, ஒட்டின இதழ் உண்டா இல்லையா, எல்லாப் பெட்டியும் ஒரே சாய லாட்டா. கடைசி ரொம்ப முக்கியம். ரெண்டு லாட் கலந்து வந்தா ஒரே தட்டில் ரெண்டு சிவப்பு நிக்கும்.

கீழக்கரை_கடை

மூணு பேர்கிட்டயும் வெள்ளை ஒண்ணு, கருஞ்சிவப்பு ஒண்ணு சாம்பிள் சொல்லியாச்சு. வந்ததும் ஆறு டப்பா போடுறேன்.

தட்டு_அலங்காரம்

வெள்ளையையும் சிவப்பையும் ஒரே டப்பாவில் போட்டுராதீங்க. சிவப்பு வேர்த்தா வெள்ளையோட முடிவு தப்பா வரும். டப்பா மேல கடைப் பேரும் தேதியும் எழுதிடுங்க, மூணாம் நாள் எது யாருதுன்னு மறந்துரும்.