டெலிமாஸ்டர் இறக்கை காரில் ஏறவில்லை, இரண்டாக அறுக்கலாமா?

கோவைப்பறவை:
எல்லாருக்கும் வணக்கம். பிளானைப் பார்த்து சீனியர் டெலிமாஸ்டர் என்கிற ரேடியோவில் ஓட்டும் மாடல் விமானம் ஒன்று கட்டினேன், இரண்டு வருட வேலை, மொத்த எடை 5 கிலோ. பறப்பதில் ஒரு குறையும் இல்லை, அவ்வளவு சாதுவான விமானம். தொல்லை இறக்கையால்தான். 94 அங்குலம், அதாவது 2.4 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, நடுவில் ஒட்டி ஒரே துண்டாக்கிவிட்டேன். காரில் முன் சீட்டைச் சாய்த்து மூலைவாட்டில் வைத்தாலும் முனை வெளியே நிற்கிறது. போன ஞாயிறு கதவைச் சாத்தும்போது முனையில் ஒரு ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) நொறுங்கிப் போனது, அன்று பறக்கவிடவே மனசு வரவில்லை. நடுவில் அறுத்து அலுமினியக் குழாய் போட்டு இரண்டாக்க நினைக்கிறேன். பக்கத்துக் கடையில் 19 மி.மீ. குழாய், 1 மி.மீ. தடிமனில் கிடைக்கிறது. போதுமா? இறக்கை டைஹெட்ரலில் இருக்கிறது, அதாவது இரண்டு பாதியும் முனைப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, நேரான குழாய் அதில் எப்படி உட்காரும் என்பதும் பிடிபடவில்லை.

ஸ்பார்கணக்கு:
தாராளமாக அறுக்கலாம், ஆனால் அந்தக் குழாய் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரு பக்க இறக்கை தூக்குவது 2.5 கிலோ. அந்த விசை நடுவிலிருந்து சுமார் 55 செ.மீ. தள்ளி விழுவதாக வைத்துக்கொள்வோம். கீழ்நோக்கிப் பாயும் டைவிலிருந்து சட்டென்று இழுத்து 5 ஜி, அதாவது எடையைப் போல ஐந்து மடங்கு பாரம் வந்தால், நடுவில் வளைக்கும் விசை ஏறக்குறைய 67 நியூட்டன் மீட்டர். 19க்கு 1 குழாயில் அது 280 மெகாபாஸ்கல் அழுத்தமாகிறது. நல்ல 6061-டி6 அலுமினியமே 276 வாக்கில் வளைய ஆரம்பித்துவிடும், ஜன்னல் சட்டத்துக்கு விற்கும் குழாய் அதைவிட மென்மை. அதே விசைக்கு 25 மி.மீ. குழாய், 1.5 மி.மீ. தடிமன் போட்டால் 110தான் வரும். இறக்கையின் சொந்த எடையை நான் கழிக்கவில்லை, அதனால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறையும்.

ஒன்று முக்கியம். குழாய் எவ்வளவு பலமாக இருந்தாலும், ஸ்பாரில் (இறக்கையின் நீளவாட்டில் ஓடி பாரம் தாங்கும் கட்டையில்) இருக்கும் பாரம் குழாய்க்கு வந்து சேர வேண்டும். குழாய் போகிற தூரம் முழுக்க மேல் ஸ்பார், கீழ் ஸ்பார் இரண்டுக்கும் இடையே பிளைவுட் வெப், அதாவது இரண்டையும் இணைக்கும் நிற்கும் பலகை ஒட்டி, குழாய் நுழையும் உறையையும் அதோடு எபாக்ஸியில் கட்டிவிடுங்கள். வெறும் பால்சா மர ரிப்பில் ஓட்டை போட்டு ஒட்டினால் ரிப் கிழியும், குழாய் அப்படியே இருக்கும். எனக்கு ஒரு கிளைடரில் இதுதான் நடந்தது, செங்குத்தாக வட்டமடிக்கும் லூப்பின் அடியில் வலது இறக்கை மடங்கிவிட்டது. கீழே போய் எடுத்துப் பார்த்தால் குழாயில் ஒரு கீறல்கூட இல்லை.

பால்சாதூள்:
டைஹெட்ரலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் தம்பி. முதலில் அறுக்காதீர்கள், அறுப்பது கடைசி வேலை. இறக்கையைக் கவிழ்த்து, முனைகள் ஆடாமல் பலகையில் கட்டி, நடுவில் கீழ்ப்பக்கக் கவரிங்கை (இறக்கையின் மேல்போர்வையை) இரண்டு பக்கமும் 30 செ.மீ.க்கு உரித்துவிடுங்கள். ஸ்பாருக்கு ஒட்டினாற்போல் பின்னால், ரிப்புகளில் வெட்டுப் போட்டு 60 செ.மீ. குழாயை மட்டமாகப் படுக்க வையுங்கள். இறக்கை மேல்நோக்கி ஏறும், குழாய் நேராகப் போகும், அதனால் நடுவில் குழாய் ரிப்பின் மேல்பக்கமாகவும் முனைப்பக்கம் போகப்போகக் கீழாகவும் உட்காரும். பக்கத்துக்கு 2 டிகிரி என்றால் 30 செ.மீ.யில் 10 மி.மீ.தான் இறங்கும், ரிப்புக்குள் இடம் இருக்கும்.

உறையை நீங்களே செய்யலாம். குழாயில் மெழுகு தேய்த்து, மெழுகுத்தாள் ஒரு சுற்று, அதன்மேல் மெல்லிய கண்ணாடி இழைத்துணியை எபாக்ஸியோடு மூன்று சுற்று. காய்ந்ததும் உருவி நடுவில் இரண்டாக வெட்டி, மறுபடி குழாயில் மாட்டி அப்படியே ஒட்டிவிடுங்கள். உறையின் வெளிமுனைகளை பால்சா வில்லையால் அடைக்க மறக்கக் கூடாது, எபாக்ஸி உள்ளே வழிந்தால் குழாய் ஜென்மத்துக்கும் வராது. நடுக்கோட்டுக்கு இருபுறமும் 3 மி.மீ. பிளைவுட் ரிப், இடையில் ரம்பம் போகிற இடைவெளி. எல்லாம் காய்ந்த பிறகு சுற்றிலும் குழாய் வரைக்கும் அறுத்து இழுங்கள், இரண்டு பாதியும் துல்லியமாகப் பிரிந்து வரும். பின்பக்கம் 6 மி.மீ. கார்பன் கம்பி ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் இறக்கை குழாயில் சுழலும்.

வானம்பாடி77:
கூடவே அய்லரானை (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகையை) இயக்கும் சர்வோ மோட்டாரையும் யோசியுங்கள். நடுவில் ஒரே சர்வோ இருந்தால் அறுத்த பிறகு அது பயன்படாது, பாதிக்கு ஒன்று வைத்துவிடுங்கள். இறக்கையை உடலோடு கட்டும் ரப்பர் பேண்ட் மேலிருந்து அழுத்தும், இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்காது. நடு ரிப்புகளுக்குக் குறுக்கே ஒரு நைலான் போல்ட் போடுங்கள்.

கோவைப்பறவை:
ரொம்ப நன்றி சார், அண்ணா எல்லாருக்கும். 25 மி.மீ. 6061 குழாய் ஒரு மீட்டர் சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி கவரிங்கை உரித்துப் பார்த்தேன், நடுவில் ரிப்புகளுக்கு இடைப்பட்ட முதல் இரண்டு கட்டத்துக்குத்தான் வெப் போட்டிருக்கிறேன், அதற்கு வெளியே ஒன்றுமே இல்லை. முதலில் அதை ஒட்டுகிறேன், அப்புறம்தான் ரம்பம்.